ஆறு மணிக் கரடி

என் தங்கையின் கணவனைப் போல ஒரு வெத்து ஜம்பக்காரனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. வனவிலங்குக் காப்பகத்தை ஒட்டிய ஒரு சின்ன ஊரில் லாட்ஜ் நடத்துகிறான். பத்து வருடத்துக்கு முன்பு அதே கட்டடத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தான். சுற்றுலாக்காரர்கள் வரத் தொடங்கியதும் மாடியில் நாலு அறை கட்டினான், பதினாறு பை வைத்த பச்சைச் சட்டை ஒன்று வாங்கினான், காட்டு மனிதன் ஆகிவிட்டான். பெட்ரோல் பங்க்கைத் தாண்டிக் காட்டுப் பக்கம் அவன் நடந்து போய் யாரும் பார்த்ததில்லை. தெருநாய் குரைத்தால் என் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கிற ஆள்.

அவன் பிழைப்பே ஒரு கரடியால்தான் ஓடுகிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு அது லாட்ஜின் பின்பக்கம் வரும். மாடி வராந்தாவில் விருந்தினர்களை வரிசையாக உட்காரவைத்து, இரண்டு விரலை வாயில் விட்டு விசில் அடிப்பான். குட்டியாக இருந்தபோதிருந்தே பழக்கம், தன் விசிலுக்கு மட்டும்தான் வரும் என்று வாய் கூசாமல் அளந்துவிடுவான். கரடி வருவது சமையலறை மிச்சத்துக்கு. ஐந்தே முக்காலுக்கு அதை ஒரு வாளியில் தூக்கிப்போய்ப் பின்சுவருக்கு அப்பால் பாறையில் கொட்டுகிறவள் என் தங்கை. ஆள் வைத்தால் விஷயம் வெளியே போய்விடுமாம்.

போன மாதம் அவள் போன் செய்தாள். கரடி இப்போதெல்லாம் சுவர் வரைக்கும் வந்து நிற்கிறது, வாளியைக் கொட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடிவருகிறேன், நீ வந்து அவரிடம் சொல் என்றாள். சொல்லத்தான் போனேன்.

மச்சான், மச்சான் என்று விழுந்து விழுந்து கவனித்தான். நான் பேச்சை எடுத்ததும் சிரித்தான்.

"அவ சும்மா பயப்படுறா மச்சான். அது நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி."

அப்படியானால் இன்றைக்கு நீங்களே வாளியைக் கொண்டுபோங்கள் மாப்பிள்ளை என்றேன். விருந்தினர்களை யார் பார்த்துக்கொள்வது என்று முனகிக்கொண்டே நழுவிவிட்டான்.

அன்று ஜீப்பில் போனவர்கள் திரும்பத் தாமதமாகிவிட்டது. எல்லோரும் கேமராவோடு உட்காரும்வரை வாளியை எடுக்காதே என்று அவளுக்கு உத்தரவு. கரடிக்கு யார் உத்தரவு போடுவது? ஆறே காலுக்கு, அவர்கள் வந்து உட்கார்ந்த நேரத்தில், அது சுவரேறி இறங்கிச் சமையலறை வாசலுக்கே வந்துவிட்டது. வாளியோடு வெளியே வந்தவள் அலறிக்கொண்டு மாடிப்படியை நோக்கி ஓடினாள். படியின் அடியில் ஒரு கம்பிக் கதவு உண்டு. அவளுக்கு முன்பே அவன் மாடியிலிருந்து தடதடவென்று அங்கே இறங்கினான், பின்னாலேயே நானும். பரவாயில்லையே, பெண்டாட்டியைக் காப்பாற்றப் போகிறான் என்று நினைத்தேன். கதவைச் சாத்திப் பூட்டினான். சாவியோடு என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு மேலே ஓடினான்.

அவள் கம்பியை இரண்டு முறை உலுக்கினாள். நானும் இந்தப் பக்கமிருந்து உலுக்கினேன். பிறகு அவள் வாளியைக் கரடியின் முன்னால் வீசிவிட்டு வெளிக்குளியலறைக்குள் புகுந்து தாழ் போட்டுக்கொண்டாள். கரடி வாளியை வழித்து நக்கிவிட்டு வந்த வழியே போனது. மேலே விருந்தினர்கள் கைதட்டினார்கள்.

பாவி, அதற்கும் குனிந்து வணக்கம் சொன்னான். நான் சட்டையைப் பிடித்து உலுக்கியதும், மேலே விருந்தினர்கள் இருந்தார்களே மச்சான் என்று என்னிடமே நியாயம் பேசினான். நீயெல்லாம் ஒரு மனுஷனா, கட்டினவளைக் கரடிக்கு விட்டுவிட்டுப் பூட்டுப் போடுகிறாயே என்று வாய்க்கு வந்தபடி ஏசினேன். தங்கை அதற்குள் பெட்டியில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிராமலே பேசினாள்.

"போதும்ணா. போன வருஷம் நீ குடும்பத்தோட வந்தப்பவும் நான்தான் கொண்டுபோய்க் கொட்டினேன். வாளி போட்டோல விழுது, இன்னும் தள்ளிப் போன்னு மேலேருந்து கத்தினது நீதான்."

அந்தப் படம் என் ஆபீஸ் மேஜையில் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. அதில் வாளி தெரியாது.