செவ்வாய்க் கிரகத்தில் தோட்டத் தமிழ்

போன வாரம் ஹாலிஎல பஸ் நிலையத்தில் சுகந்தியைப் பார்த்தேன். முகம் வாடிக் கிடந்தது.

"சார், என்னைய நிப்பாட்டிட்டாங்க" என்றாள்.

எதிலிருந்து? சொல்கிறேன்.

சுகந்தி தெமோதரைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பாலர் பாடசாலை டீச்சர். மாலையில் வெளிச்சத்தம் கேட்காமலிருக்க கம்பளியைப் போர்த்திக்கொண்டு, ஓர் ஆப்புக்காகத் தொடர்கதை வாசித்துப் பதிவு செய்வாள். செவ்வாய்க் கிரகத்தில் ஒரு தளபதி, அவன்மேல் காதல்கொண்ட ஒரு டாக்டர்... பாகம் பாகமாகப் போகிறது. தோட்டத்து லய வீட்டில் பிறந்த தன் குரல் கடல் கடந்து ஒலிக்கிறது என்பதில் அவளுக்கு அப்படியொரு பெருமை.

அப்புறம் நேயர் கருத்துகள் வந்தன. நானும் படித்தேன். படித்திருக்கக் கூடாது.

"கதை பிரமாதம். குரல்தான் தோட்டத்துக் குரல்" என்று ஒருவர். "விண்கலத் தளபதி இப்படியா பேசுவான்? ஆளை மாற்றுங்கள்" என்று இன்னொருவர்.

பின்னே எப்படிப் பேசுவான்? செவ்வாய்க்குப் போய், அங்கே எந்தத் தமிழ் புழக்கத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்தவர் யார்?

ஆனால் நிறுவனம் கறாராகச் சொல்லிவிட்டது — நல்ல கருத்துகள் வராவிட்டால் அடுத்த பாகத்தைக் கணினிக் குரலே வாசிக்கும்.

சுகந்திக்கு ஆதரவா இல்லை? அந்தத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்கள் அத்தனை பேரும் அவள் ரசிகைகள். மலையில் சிக்னல் கிடையாது. அதனால் அவர்களில் ஒருத்தியான லெச்சுமி, வீட்டிலேயே கதையைப் போனில் இறக்கிக்கொண்டு வருவாள். போனைச் சத்தமாக வைத்துக் கூடையில் செருகிவிட்டால் பக்கத்துத் தேயிலை நிரைகளுக்கும் கேட்கும். தளபதி காதலைச் சொல்லாமல் இழுத்தடித்தபோது அவர்கள் திட்டிய திட்டை அச்சில் ஏற்ற முடியாது.

சுகந்தி விஷயத்தைச் சொன்னதும், "நாங்க இருக்கோம் டீச்சர், கவலப்படாதீங்க" என்றார்கள். கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்த கையோடு ரோட்டுக்கு வந்து, லெச்சுமியின் போனைச் சூழ்ந்து நின்றார்கள். ஒவ்வொருத்தியாகச் சொல்லச் சொல்ல, அவள் எழுதி எழுதி அனுப்பினாள்.

"டீச்சர் வாசிச்சா கால்ல அட்ட கடிக்கிறதே தெரியாது" என்றாளாம் ஒருத்தி. இதைவிட ஒரு விமர்சனம் உண்டா?

அவர்களுக்குத் தெரியாதது ஒன்றுதான். அந்த ஆப்பில் ஒரு போனுக்கு ஒரு கருத்து. புதிதாக ஒன்று போனால் பழையது அழிந்துவிடும். அட்டையும் போயிற்று, மற்றதெல்லாமும் போயிற்று. கடைசியாக மாரியாயி சொன்னது மட்டும் நின்றது — "டீச்சருக்கு இருமலா இருக்கு, கொஞ்சம் ரெஸ்ட் குடுங்க."

கொடுத்துவிட்டார்கள்.

"மாரியாயி அக்காட்ட மட்டும் சொல்லிறாதீங்க சார். அவங்க தாங்க மாட்டாங்க" என்று சுகந்தி கெஞ்சினாள். அதனால் பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன். வேலை போனவள் அவள், கவலைப்படுவது மாரியாயிக்காக. பஸ்ஸில் ஏறிய பிறகும் எனக்கு மனசு ஆறவில்லை. கருத்து எழுதத் தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் காது இருக்கிறது என்று இந்த உலகம் முடிவு செய்துவிட்டதா? அப்படித்தான் போலிருக்கிறது.

கணினிக் குரல் வந்த அன்று, கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு லெச்சுமி போனை அணைத்துவிட்டாளாம். யாரும் போடச் சொல்லவில்லையாம். அதன்பிறகு அந்த மலையில் கதையே இல்லை.

நிறுவனத்தின் கணக்கில், ஒரே ஒரு நேயர் குறைந்திருக்கிறார்.