யார் முதலில் சாப்பிடுவது

போன வாரம் எங்கள் அலுவலகத்தில் ஒரு பயிற்சி வகுப்பு. வாடிக்கையாளர்களோடு சாப்பிடப் போனால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க ஒரு பெண்மணி வந்திருந்தார். மடியில் துணியை எப்படி விரிப்பது, கத்தியை எந்தக் கையில் பிடிப்பது, வாயில் சோறு இருக்கும்போது யாராவது கேள்வி கேட்டால் என்ன செய்வது என்று திரையில் ஒவ்வொன்றாக ஓடிக்கொண்டிருந்தது. 'மேஜையில் மூத்தவர் தொடங்கும்வரை காத்திருக்கவும்' என்று ஒரு வரி வந்தது. பின்வரிசையில் ஒரு பையன், "பஃபேல எப்படி மேடம் வெயிட் பண்றது? பன்னீர் தீந்துடுமே" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆனால் அந்த ஒரு வரி என்னைப் பீர்க்கன்கரணை ஏரிக்குப் பின்னால் இருந்த ரப்பர் ஷெட்டில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. என் முதல் வேலை அங்கேதான். வண்டிகளுக்கு வேண்டிய வாஷர், கேஸ்கட் என்று சின்னச் சின்ன சாமான்கள் செய்வோம். ரப்பர் வேகும் நாற்றம் உங்களுக்குப் பழக்கமுண்டா? எலுமிச்சைத் தோலைத் தேய்த்துக் கழுவினாலும் விரலை விட்டுப் போகாது. தயிர்சாதத்தைப் பிசைந்து வாயில் வைத்தால் டயரைக் கடித்ததுபோல இருக்கும். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் மெல்ல ஜன்னலைத் திறப்பார்கள். அந்த நாற்றத்தோடு பெண் பார்க்கப் போய் நிற்கக் கூடாது என்று அம்மா ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்தே நாள் குறிப்பாள். இரண்டு முறை தலைக்குக் குளித்துவிட்டுத்தான் கிளம்புவேன். அப்படியும் ஒன்றும் அமையவில்லை என்பது வேறு கதை.

முதலாளி ராஜமாணிக்கம் சாருக்கு அப்போது அறுபதை ஒட்டி வயது. ஷெட் தள்ளாடிக்கொண்டிருந்த காலம் அது. இருந்த ஒரே பெரிய வாடிக்கையாளரும் கையை விரித்துவிட்டார். அந்தச் சமயத்தில்தான் ஒரு கொரியா கம்பெனிக்காரர்கள் எங்கள் ஷெட்டைப் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். அவர்களுடைய ஆர்டர் கிடைத்தால் பிழைப்போம், இல்லையென்றால் தீபாவளிக்கு மேல் ஷெட் ஓடாது. இது வாட்ச்மேன் வரைக்கும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தட்டுத்தடுமாறி ஆங்கிலம் பேசுவேன் என்ற ஒரே தகுதியில் அவர்களுக்கு விருந்து கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

தூக்கம் போயிற்று. கத்தி, முள்கரண்டி எல்லாம் தேவைப்படும் என்று நானாக முடிவுகட்டி, மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு செட் வாங்கிவந்து வீட்டில் ஒத்திகை பார்த்தேன். அம்மா வந்து பார்த்துவிட்டு, "அந்தத் தோசை உனக்கு இன்னாடா பாவம் பண்ணுச்சு? எதுக்கு அதைக் குத்திக்கிட்டே இருக்க?" என்றாள். சார் அந்தக் கவலையை ஒரே பேச்சில் முடித்துவைத்தார். "நம்ம ஊருக்கு வர்றவங்களுக்கு நம்ம சாப்பாடு. இலை போட்டுடலாம்."

நிம்மதியாக இருந்தது, அவர்கள் வருகிற தேதி தெரியும்வரை. அன்றைக்குக் கிருத்திகை. சாருடைய மனைவிக்கு ஒரு பெரிய ஆபரேஷன் நடந்து பிழைத்து வந்ததிலிருந்து மாதாமாதம் கிருத்திகைக்கு அவர் விரதம். சாயங்காலம் விளக்கு வைத்துக் கும்பிடும்வரை தண்ணீரைத் தவிர எதுவும் வாயில் படாது. தேதியை மாற்றச் சொல்லிக் கேட்கும் நிலையில் நாங்கள் இல்லை. "நான் பாட்டுக்கு இலை முன்னாடி உக்காந்திருக்கேன். நீ எல்லாரையும் பாத்துக்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "விரதம்னு மட்டும் அவங்ககிட்ட மூச்சு விடாத. நாம பட்டினியா உக்காந்திருக்கோம்னு தெரிஞ்சா வந்தவங்களுக்குச் சோறு இறங்குமா?" என்றார். நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன்.

மதியச் சாப்பாட்டுக்குத் தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டின் மேலேயே ஒரு ஓட்டல். மாடியில் ஏசி அறை. வந்தவர்கள் மூன்று பேர், மூவருமே என்னைவிடக் கொஞ்சம்தான் பெரியவர்கள். பேச்சை மொழிபெயர்க்க ஜெனிபர் என்று சேலையூர்ப் பெண் ஒருத்தி கூட வந்திருந்தாள். இலையில் எல்லாம் வந்தது. பொரியல், கூட்டு, வடை, அப்பளம், ஓரத்தில் ஒரு வாழைப்பழம். சோறு போட்டுப் பருப்பும் நெய்யும் விட்டார்கள். ஸ்பூன் வேறு வாங்கி வைத்திருந்தேன். எல்லாம் சரியாக இருந்தது.

யாரும் சாப்பிடவில்லை.

சார் கையை நீட்டி "ப்ளீஸ், ப்ளீஸ்" என்றார். மூவரும் தலையைக் குனிந்து, அவரை நோக்கிக் கையை நீட்டினார்கள். விருந்தாளி கை வைக்காமல் நாங்கள் எப்படி வைப்பது? நானும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏசி காற்றில் நெய் உறைந்துகொண்டே வந்தது. அப்பளம் நமத்துப்போயிற்று. சர்வர் சாம்பார் வாளியோடு வந்து நிற்பதும், "இன்னும் பருப்புக்கே வரலியா சார்?" என்று திரும்பிப் போவதுமாக இருந்தார். சாப்பாடு பிடிக்கவில்லையோ, ஷெட்டே பிடிக்கவில்லையோ, என் விரல் நாற்றம்தான் எட்டிவிட்டதோ என்று என் புத்தி போகாத இடமில்லை. கையை மேஜைக்கு அடியில் ஒளித்துக்கொண்டேன்.

ஜெனிபர்தான் என் பக்கம் சாய்ந்து சொன்னாள். "அண்ணா, உங்க சார் சாப்பிட மாட்டாரா? அவங்க ஊர்ல பெரியவங்க ஆரம்பிச்சாதான் மத்தவங்க சாப்பிடுவாங்க. அவருக்காகத்தான் வெயிட் பண்றாங்க." ஒரு நொடி விட்டு, "எனக்கும் பசிக்குதுண்ணா" என்றாள்.

விரதம் என்று சொல்லக் கூடாது. சொல்லாவிட்டால் இவர்கள் இப்படியே எழுந்து போய்விடுவார்கள். அறுபது வயது மனிதரிடம், அதுவும் பெண்டாட்டி உயிருக்காக நேர்ந்துகொண்டவரிடம், விரதத்தை முறியுங்கள் என்று நான் எப்படிச் சொல்வேன்? வேறு வழியில்லாமல் எழுந்து போய் அவர் காதருகே குனிந்தேன். "சார், நீங்க கை வச்சாதான் அவங்க சாப்பிடுவாங்களாம்."

"நானா? இன்னைக்கா?" என்றார்.

இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கணம் கண்ணை மூடினார். மெல்ல அந்த வாழைப்பழத்தை எடுத்து உரித்து ஒரு கடி கடித்தார். பழத்தோடு தப்பித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருப்பார், பாவம். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆளுக்கொரு பழத்தை எடுத்து, ரொம்ப மரியாதையாக உரித்து, முழுதும் சாப்பிட்டார்கள். ஜெனிபரும் சாப்பிட்டாள். நானும் சாப்பிட்டேன். சாப்பிட்டுவிட்டு மூவரும் மறுபடி கையை மடியில் வைத்துக்கொண்டு சாரையே பார்த்தார்கள்.

சர்வர் வாளியைக் கீழே வைத்துவிட்டார். "இன்னா சார் இது, எல்லாரும் பழத்துலருந்து ஆரம்பிக்கிறீங்கோ? சோறு நல்லா கீது சார், துன்னு பாருங்கோ."

சாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரிப்பா, ஊத்து" என்று சோற்றில் குழி பறித்தார். அதன் பிறகு ரசம், மோர் வரைக்கும் ஒன்றையும் விடாமல் நிதானமாகச் சாப்பிட்டார். அவர் பாதியில் நிறுத்தினால் இவர்களும் நிறுத்திவிடுவார்களே. ஒருவர் மூன்று முறை ரசம் கேட்டு வாங்கினார். எனக்கு ஒரு வாய்கூட ருசிக்கவில்லை.

திரும்பும்போது காரில் சார், "வீட்ல அவ எனக்காகச் சமைச்சு வச்சிருப்பா. அவ முன்னாடி பசிச்சவன் மாதிரி சாப்பிடணுமே" என்றார். முறிந்த விரதத்துக்கு ஈடாகவோ என்னவோ, மறுநாள் அவருடைய டிபன் கேரியர் திறக்காமலே வீட்டுக்குத் திரும்பிப் போனதை நான் மட்டும்தான் கவனித்தேன். அந்த வாரமே ஆர்டர் வந்தது. ஷெட்டில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள்.

பல வருஷம் கழித்து ஒரு மதியம் அவரைப் பார்க்கக் கூடுவாஞ்சேரிக்குப் போயிருந்தேன். அதற்குள் ஷெட் இருந்த இடத்தில் அடுக்குமாடி வந்துவிட்டது. அவர் மனைவியும் தவறிவிட்டார். மகன் வீட்டில் இருந்தார். மகனும் மருமகளும் ஆளுக்கொரு அறையில் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். சார் சாப்பாட்டு மேஜையில் தட்டுக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். "அப்பா இப்பல்லாம் இப்படித்தான் அங்கிள். மறதி. தட்டை வச்சா அப்படியே பாத்துக்கிட்டு இருப்பாரு. நாங்க ஆளுக்கொரு டைம்ல சாப்பிடறோம், என்ன பண்றது?" என்றான் மகன்.

நான் ஒரு தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். நான் யாரென்று அவருக்குத் தெரியவில்லை. ஆனாலும் கையை நீட்டி, "சாப்பிடுங்க, சாப்பிடுங்க" என்றார். ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டேன். உடனே அவரும் சோற்றில் கை வைத்தார். தட்டு காலியாகும்வரை சாப்பிட்டார். அது மறதியே இல்லை என்று மகனிடம் சொல்லத் தோன்றியது. அவன் மறுபடி ஹெட்போனை மாட்டிக்கொண்டுவிட்டான்.

அடுத்த வருஷம் அவரும் போய்விட்டார். தாம்பரத்து ஓட்டல் இப்போது மொபைல் ஷோரூம். நான் மதியச் சாப்பாட்டை என் மேஜையிலேயே, கம்ப்யூட்டரைப் பார்த்தபடி முடித்துக்கொள்கிறேன். டப்பாவைத் திறந்ததும் ஒரு நொடி கை தானாக நிற்கும். எதிரே யாரும் இல்லை. அப்புறம் நானே சாப்பிட ஆரம்பித்துவிடுவேன்.