புளியமூட்டில் மின்னிய பல்பு

வெயிலுக்கு ஒத்தாசை செய்யப் போய் வெயிலையே அணைத்துவிட்ட ஆள் நான். இதை வெளியே சொல்ல வெகுகாலம் பிடித்தது.

அப்போது தக்கலையில் குமாஸ்தா. கையில் ஒரு பழைய காமிரா. போட்டோ பிடிப்பது பற்றி இரண்டு ஆங்கிலப் புத்தகங்கள் படித்திருந்தேன். ஒரு மனிதன் கெட்டுப்போக இவ்வளவு போதும். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொழும்பில் கடை வைத்திருந்த ஒருவரைப் பேசிக்கொண்டிருந்தார்கள். குளக்கரைப் புளியமரத்து நிழலில் நான் எடுத்துக் கொடுத்த படத்தில் பின்னாலிருந்த குளம் பளபளத்தது. பெண்ணின் முகம் அடுப்புக்கரி. மாப்பிள்ளை வீட்டார், முகம் தெரிகிற படம் இந்த வாரத் தபாலில் வராவிட்டால் வேறு இடம் பார்ப்பதாக எழுதிவிட்டார்கள்.

திருவனந்தபுரம் போய் ஒரு ஃபிளாஷ் பல்பு வாங்கி வந்தேன். கோழிமுட்டை அளவு, பாட்டரியில் ஒருமுறை மின்னிவிட்டுச் செத்துப்போகும். பின்னால் உச்சி வெயில், முகத்துக்குப் பல்பு, இரண்டும் சரிக்குச் சரி நிற்கும் என்பது என் கணக்கு.

பெண்ணின் அம்மாவுக்குச் சம்மதமில்லை. "உச்சி நேரத்துல வயசுப் பிள்ளைய புளியமூட்டுல நிறுத்தப்பிடாது மக்கா. அதுக நடமாடுத நேரமாக்கும்."

"பத்து நிமிசம்தான் அக்கா."

"அதுகளுக்கு ஒரு நிமிசம் போரும்."

பெண் நின்றாள். ஓர் இலை அசையவில்லை. காக்கைகள்கூட எங்கோ போயிருந்தன. நான் பல்பை அவள் முகத்துக்கு நெருக்கமாகப் பிடித்து, காமிராவின் விசையை அழுத்தினேன். அவள் அசையாமல் நின்று, தாழ்ந்த குரலில் கேட்டாள்:

"ராத்திரி ஆயிட்டா மாமா?"

கண் கூசினால் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்கே பிடிக்கவில்லை. அம்மா மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அவள் தட்டுத்தடுமாறி நடந்தாள்.

மறுநாள் சாமான் அறையை அடைத்துக்கொண்டு, சிவப்புத் துணி சுற்றிய விளக்கடியில் காகிதத்தை மருந்தில் முக்கினேன். முதலில் புளியமரம் வந்தது, கன்னங்கரேலென்று. அதற்குப் பின்னால் குளம், நிலா வெளிச்சத்தில் கிடப்பதுபோல. இலைகளின் இடையே வெயில் பொட்டுகள் நட்சத்திரங்களாகத் தெரிந்தன. கடைசியில், அந்த நடுராத்திரியின் நடுவே, வெள்ளை வெளேரென்று ஒரு முகம். கண்கள் எனக்குப் பின்னால் எதையோ பார்த்தன.

காரணம் எனக்குத் தெரியும். பல்பு நெருங்கியதால் லென்சின் துளையை மிகவும் சுருக்கியிருந்தேன். வெயிலுக்கு அந்தத் துளை போதவில்லை. காரணம் தெரிந்தும் நான் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன். அவள் கேட்ட ராத்திரி இதுதானே.

அம்மா படத்தைத் தொடவில்லை. "நான் சொன்னம்லா. பேய் பிடிச்ச பிள்ளைண்ணு சொல்லுவாவ. ஒரு தாலி போச்சு."

இன்னொரு பல்பு வாங்க நாளில்லை. அந்தப் படத்தையே நான் தபாலில் சேர்த்தேன். பதில் வரும்வரை அந்த வீட்டு வழியாக நடக்காமல் குளத்தைச் சுற்றிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். பதில் வந்தது: பெண்ணைப் பிடித்திருக்கிறது, ஆவணியில் கல்யாணம். அம்மா நம்பாமல் இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். எனக்கோ, கலை கடைசியில் ஜெயித்துவிட்டது என்று நெஞ்சு நிமிர்ந்தது.

மறுவீட்டு விருந்தன்று மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, படம் எப்படி இருந்தது என்று கேட்டேன். அவர் உத்தரத்தில் தொங்கிய மண்ணெண்ணெய் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ராத்திரியில அவ்வளவு வெளிச்சத்தக் கண்டதும், உங்க ஊருல கரண்டு வந்தாச்சுண்ணுல்லா நெனச்சேன்."