அவர் மறந்துவிட்டதாக எழுதிய மலர்

தென்சென்னைக் கல்லூரி ஒன்றில் முப்பது ஆண்டுகள் பாலிமர் வேதியியல் கற்பித்து, துறைத்தலைவனாக ஓய்வு பெற்றவன் நான். என் கட்டுரைகளில் பிழை கண்டவர் எவருமில்லை. இரவல் புகழ் எனக்குத் தேவைப்பட்டதும் இல்லை. ஆனால் துறையின் ஆண்டுவிழா மலர் அதைத்தான் எனக்கு அளித்திருக்கிறது.

கண்ணுக்குப் புலப்படாத பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் மணிகளை இரத்தத்தில் விட்டால் புரதங்கள் அவற்றின்மேல் அப்பிக்கொள்ளும். அதைத் தடுக்க, சர்க்கரை மூலக்கூறுகளைச் சங்கிலியாய்க் கோத்த டெக்ஸ்ட்ரானை அவற்றின்மேல் பூச முயன்றோம். மாதக்கணக்கில் தோல்வி. நுண்ணோக்கியில் தனித்தனி மணிகளுக்குப் பதிலாகத் திராட்சைக் குலைகளே தெரிந்தன. பூச்சு குலையின் வெளிப்புறத்தோடு நின்றது. எடை துல்லியமாக இருக்கவேண்டும் என்று, பூசுமுன் மணிகளை அடுப்பில் முழுக்க உலர்த்தச் சொன்னவன் நானே.

எங்கள் ஆய்வக உதவியாளர் சாந்தோம் மீனவர் குப்பத்துக்காரர். ஒருநாள் குடுவையை அடுப்பில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

"கருவாட்டத் தண்ணில போட்டா திரும்ப மீனா நீந்துமா சார்? காஞ்சா ஒட்டிக்கும். ஒரு சொட்ட மட்டும் காய வெச்சு எடை போடுங்க. அத வெச்சு மொத்தத்துக்கும் கணக்குப் போட்டுக்கலாம். மீதி ஈரமாவே இருக்கட்டும்."

"சொன்னதைச் செய்யுங்க" என்றேன். அவர் செய்யவில்லை. மறுவாரம் நுண்ணோக்கியில் ஒவ்வொரு மணியும் தனித்து மிதந்தது. பூச்சு அனைத்திலும் நின்றது. கட்டுரையில் அவருக்கு நன்றி சொன்னேன். எதற்கு என்று எழுதவில்லை. நான் விட்ட அந்த இடைவெளியில்தான் இந்தப் பொய் குடியேறியது.

'உதவியாளர் உலர்த்த மறந்த மணிகளிலிருந்து பேராசிரியரின் கூர்மதி கண்டெடுத்த வெற்றி' என்கிறது மலர். அதை எழுதியவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. படித்த அன்றே உதவியாளருக்குத் தொலைபேசினேன்.

"வுடுங்க சார், எனக்கு இனிமே இன்னா பிரமோஷனா குடுக்கப் போறாங்க?" என்று சிரித்தார். பிறகு குரல் இறங்கியது. "என் பொண்ணு நம்ம டிபார்ட்மென்ட்லதான் எம்.எஸ்ஸி. படிக்கிறா. 'இன்னாப்பா, மறந்துட்டியா?'ன்னு கேக்குறா. அதான் சார்."

மலர்க்குழுவுக்கு அனுப்பிய கடிதத்தையே இங்கும் பதிவு செய்கிறேன். அவர் மறக்கவில்லை. என் உத்தரவைக் கேட்டார், தவறென்று என் முகத்துக்கு நேரே சொன்னார், மீறினார். தவறு உத்தரவில் இருந்தது. உத்தரவு என்னுடையது.