அப்பாவுக்கு நான் கொடுத்த மருந்து

அப்பா பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று உத்தமபாளையம் வந்தபோது, டிரங்குப் பெட்டியோடு ஒரு பழக்கமும் வந்தது. புகையிலையை உள்ளங்கையில் சுண்ணாம்போடு கசக்கிக் கீழுதட்டுக்குள் அடக்கிக்கொள்வார். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. எல்லையில் பனிக்குள் காவல் நின்றபோது தன் உயிரைக் காத்தது அதுதான் என்று அவர் சொன்ன கதையை அப்படியே நம்பியிருந்தேன்.

தேனியில், முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனையில், டாக்டர் ஒருநாள் அவர் உதட்டைப் பிதுக்கிப் பார்த்தார். உள்ளே வெள்ளைத் திட்டு. இன்றோடு விட்டால் பிழைக்கலாம் என்று சொல்லி, புகையிலைக்குப் பதிலாக மென்றுகொள்ள ஒரு சூயிங்கமும் கொடுத்து அனுப்பினார். அம்மா வீட்டிலிருந்த பொட்டலங்களையெல்லாம் என்னிடம் அள்ளிக் கொடுத்து எருக்குழியில் போடச் சொன்னாள். போட்டேன், ஒன்றைத் தவிர. ஆபத்துக்கு உதவட்டுமென்று அதை ஜியாமெட்ரி பாக்ஸில் வைத்துக்கொண்டேன். அவ்வளவு முன்யோசனை எனக்கு.

ஆபத்து சீக்கிரமே வந்தது. அப்பாவுக்குத் தூக்கம் போயிற்று. டம்ளரைப் பிடித்தால் கை நடுங்கியது. யாரையும் அதட்டாதவர், குழம்பில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளிவிட்டுக் கொல்லையில் போய் நின்று அழுதார். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பாடமே ஏறவில்லை. திரும்பிப் போகும்போது அப்பா உயிரோடு இருப்பாரா என்று, மணியடிக்கும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

"பத்து நாளு தாண்டிட்டாக ஆத்தா. இனிச் சரியாப் போயிரும்" என்றாள் அம்மா, எனக்குச் சடை பின்னியபடி. அவளே அதை நம்பியதாகத் தெரியவில்லை.

பதினோராம் நாள் சாயங்காலம் எங்கள் திராட்சைத் தோட்டத்தில், பந்தலின் கல்தூணைப் பிடித்தபடி அப்பா வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார். நான் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பொட்டலத்தை எடுத்துவந்து நீட்டினேன்.

"ஏது ஆத்தா இது?"

"மருந்துப்பா. கொஞ்சம் வச்சுக்கங்க."

பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். பிரித்து உதட்டுக்குள் அடக்கிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் கை நடுக்கம் நின்றது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததுமே அம்மா வாடையில் கண்டுபிடித்துவிட்டாள். "அத்தனை நாளும் வீணாப் போச்சே. யாரு குடுத்தா?" என்று அழுதாள்.

நான் வாயெடுப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "நாந்தான் மோட்டார் ரூமுல ஒளிச்சு வச்சிருந்தேன். நாளைக்கு மறுபடியும் ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கிறேன்."

இரண்டு நாள் நான் அப்பாவோடு பேசவில்லை. அவர் உயிரைக் காப்பாற்றியது நான். அந்தப் பேரையும் அவரே எடுத்துக்கொண்டாரே என்று அவ்வளவு ஆத்திரம் எனக்கு.