டோர்பியின் பாட்டைக் கேட்டவர்கள்

டோர்பிக்கு ஐம்பது வயதுக்கு மேல் உலகம் முழுக்க அழ ஆள் கிடைத்தது. ஐஸ்லாந்தின் மேற்கு மூலையில், மீன் ஆலையில் குளிர்சாதன இயந்திரங்களைப் பழுது பார்க்கும் மனிதனுக்கு இதெல்லாம் தேவையா?

அப்பா மீனவர். இவனுக்கோ படகில் கால் வைத்தாலே குடல் வெளியே வந்துவிடும். அதனால் கரையிலேயே இயந்திர வேலை பிடித்தான், ஸ்வாலாவைக் கட்டினான், வாயை மூடிக்கொண்டு வாழ்ந்தான். ஒருநாள் ஸ்வாலா பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த தெருவுக்குக் குடிபோனாள். எங்கள் ஊரில் இருப்பது இரண்டே தெரு, அதற்கு மேல் போனால் கடல்தான்.

போகாதே என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. எங்கள் ஊர் ஆண்பிள்ளைகள் யாருக்குத்தான் வந்திருக்கிறது? கிட்டாரை எடுத்துக்கொண்டு குளிர்காலம் முழுக்கச் சமையலறையில் உட்கார்ந்து ஓர் இசைத்தட்டு செய்து இணையத்தில் ஏற்றினான். அதில் ஒரு சொல்கூடக் கிடையாது. மெதுவாக ஆரம்பிக்கும், மெதுவாகவே போகும், போதுமடா சாமி என்று நாம் எழுந்திருக்கும் நேரம் பார்த்துப் புயலாகக் கிளம்பும். போஸ்ட் ராக் என்று அதற்குப் பெயராம். அவனைப் பொறுத்தவரை அது ஒரே ஒரு கேள்வி: ஸ்வாலா, திரும்பி வருவாயா?

கேட்க வேண்டியவளைத் தவிர மற்ற எல்லாரும் பதில் சொன்னார்கள். பெல்ஜியத்துக்காரர் ஒருவர் நெடுஞ்சாலையில் காரை ஓரங்கட்டி அழுதாராம். நாய் செத்ததற்குக்கூட அழாத சிலி நாட்டுப் பெண் இதற்கு அழுதாளாம். மூன்றாவது பாட்டின் அடியில் ஓயாமல் ஓர் உறுமல் கேட்கும். இணையத்தில் அதை வைத்து அடிதடியே நடந்தது. பனிமலை மூச்சு விடுகிறது என்றது ஒரு கட்சி, எரிமலையின் வயிறு என்றது இன்னொரு கட்சி. மனிதத் தனிமையின் ஆதி ஒலி என்று ஒரு பேராசிரியர் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினார்.

கோடையில் ஒரு டச்சு ஜோடி நேரிலேயே வந்து, அந்தப் பனிமலை எங்கே என்று பெட்ரோல் பங்கில் விசாரித்தது. எங்கள் ஊரில் பனிமலையும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. மீன் ஆலைக்கு வழி காட்டினார்கள். டோர்பி காபி கொடுத்தான், அதற்கும் அழுதுவிட்டுப் போனார்கள்.

ஒன்று விடாமல் எல்லாவற்றையும் படித்தான். படித்து என்ன பிரயோஜனம்? அடுத்த தெருவிலிருந்து ஒரு பேச்சும் வரவில்லை.

வேலை விட்டதும் எங்கள் ஊர் மொத்தமும் நீச்சல்குளத்துத் திறந்தவெளி வெந்நீர்த் தொட்டியில் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்திருக்கும். தலையில் பனி கொட்டும், வாய் மட்டும் ஓயாது. பிரிந்துபோனவர்களுக்கும் அதே தொட்டிதான். ஒருநாள் டோர்பி ஓர் ஓரம், ஸ்வாலா எதிர் ஓரம், நடுவில் நாங்கள்.

"டோர்பி, உன் பாட்டைக் கேட்டேன்யா," என்றார் முன்னாள் கப்பல் கேப்டன் ஓட்டார். "எப்ப ஆரம்பிக்கும், எப்ப ஆரம்பிக்கும்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். முடிஞ்சே போச்சு!"

"ரொட்டிக்கு மாவு பிசையறப்ப நான் போட்டுவிட்டேன்," என்றாள் தபால்காரி லோவா. "மாவு உப்பவே மாட்டேன்னுடுச்சு."

தொட்டியே சிரித்தது. டோர்பியும் சிரித்துவைத்தான். கண் மட்டும் எதிர் ஓரத்தில் இருந்தது.

"மூணாவது பாட்டுல அடியில ஒரு சத்தம் வருதே," என்றாள் ஸ்வாலா.

டோர்பி தண்ணீரிலிருந்து நிமிர்ந்தான்.

"அது நம்ம வீட்டு ஃபிரிட்ஜ்தானே?"

"ஆமா."

"இன்னும் சரி பண்ணலியா நீ?"

"இல்ல."

"ஆலையில அத்தனை மெஷினையும் சரி பண்றவன்! தூங்க முடியல, தலை இடிக்குது, என்னன்னு பாருன்னு வருஷக்கணக்கா கத்தினேனே. என்ன சொன்ன? எனக்கு ஒண்ணும் கேக்கலியேன்ன."

"அப்ப நிஜமாவே கேக்கல, ஸ்வாலா. நீ போனப்புறம்தான் கேட்டுச்சு."

அவள் முகம் இளகியது. திரும்பி வந்துவிடுவாளோ என்று ஒரு கணம் எங்களுக்கே ஆசை வந்துவிட்டது.

"அதான் விஷயம், டோர்பி," என்றாள் மெதுவாக. "நான் பக்கத்துல இருந்தா உனக்குக் காது கேக்காது. நான் வரல."

எழுந்து, துண்டைச் சுற்றிக்கொண்டு போய்விட்டாள்.

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஓட்டார் தொண்டையைச் செருமினார். "முதல் பாட்டு நல்லா இருந்துச்சுய்யா. நிஜமாவே நல்லா இருந்துச்சு."

"ரெண்டாவதுக்கு நான் அழுதேன்னா பாத்துக்கயேன்," என்றாள் லோவா.

இப்படியே ஆளாளுக்குப் புகழ ஆரம்பித்தோம். டோர்பி வெலவெலத்துப் போனான். எங்கள் ஊரில் ஒருவனை வாயாரப் புகழ்வதற்கு இருப்பது ஒரே இடம்தான், செய்தித்தாளின் இரங்கல் பக்கம்.

"போதும், நிறுத்துங்க," என்றான். "நான் இன்னும் சாகல."