கொதிக்கும் கேத்தல்

கிண்ணியாவிலிருந்து காலைப் படகில் வந்தவர்தான் அந்தச் சாவுச் செய்தியைச் சொன்னார்: "இஸ்மாயில் நானா மௌத்தாகிட்டார், சுபஹுக்குப் பிறகு." அவர் என் இடப்பக்கம் நின்றிருந்தார். வலக்காதைத் திருப்பி இன்னொரு தடவை கேட்டேன். அன்று எண்ணெய்க் குதங்களில், அந்தப் பெரிய இரும்புத் தொட்டிகளில், துருத் தட்டும் சுத்தியல்கள் ஓய்ந்தன. அந்த அமைதியில் என் காதின் இரைச்சல் மட்டும் எழுந்தது. எனக்குப் பயமாக இருந்தது.

துறைமுகத்தில் அவரோடு வேலை செய்த உங்களுக்கு அவர் துருத் தட்டுபவர்களின் மேற்பார்வையாளர். எனக்கு, என் பயத்தை அறிந்த ஒரே மனிதர்.

வேலையாட்களின் வரவு குறிக்கும் எழுத்தராக நான் தினமும் குதத்துக்குள் போவேன். ஐந்து நிமிடம்தானே என்று காதை மூடுவதில்லை. ஒரு ஞாயிறு மதியம், வீட்டில் எல்லோரும் கோயிலுக்குப் போயிருக்க, இடக்காதில் சில்லென்று ஒரு கீச்சொலி தொடங்கியது. பூச்சி புகுந்ததென்று சுடுநல்லெண்ணெய் ஊற்றினேன். ஒலி நிற்கவில்லை. செவிடாகிவிடுவேனோ, பைத்தியம் பிடிக்கிறதோ என்று நடுங்கினேன். கல்யாணப் பேச்சு நடந்த நேரம், அம்மாவிடம் சொல்லவில்லை.

தலையைச் சாய்த்துச் சாய்த்து நான் எழுதுவதை அவர் என் அலுவலகச் சன்னலுக்கு வெளியே நின்று கவனித்திருக்கிறார்.

"என்ன புள்ள, காதுக்குள்ள விசிலா, வண்டா?"

"பூச்சி ஒண்டு போயிட்டுது நானா. எண்ணெய் விட்டனான்."

"பூச்சி இல்ல, சுத்தியல். இனி ஒண்டும் ஊத்தாதீங்க, டாக்குத்தரிட்டக் காட்டுங்க. எனக்குள்ள ஒரு கேத்தல் பதினஞ்சு வருசமாக் கொதிக்குது. ஒரு கோப்பை தேத்தண்ணி கிடைக்கல்ல."

போனேன். இது பைத்தியமல்ல, ஆனால் இந்த ஒலி போகாமலும் இருக்கலாம், இனிச் சத்தத்தில் காதைத் திறந்து வைத்தால் கேட்கும் திறனும் குறையும் என்றார் டாக்டர். அந்த "போகாமலும் இருக்கலாம்" என்னைப் பல நாள் தின்றது. "ஆளில்லாத அமைதியில அதோட தனியா இராதீங்க, ரேடியோவ மெல்லமா வையுங்க" என்றார் நானா. "உங்களுக்குப் பயமில்லையா?" என்றேன். "பள்ளியில எல்லாரும் தொழுகையில அமைதியா நிக்கிற நேரம் பயம்தான் புள்ள. அல்லாஹ்வுக்கு முன்னால நான் மட்டும் சத்தத்தோட நிக்கிறன்."

நம் குதங்களின் பழைய வழக்கம் உங்களுக்கு நினைவிருக்கும்: வலக்காதில் பஞ்சு, இடக்காது திறந்திருக்கும், வெளியே வரச்சொல்லும் விசிலுக்காக. அந்தத் திறந்த காதே அத்தனை பேருக்கும் கெட்டது. நானா விசிலை நிறுத்தினார். இரண்டு காதிலும் மெழுகுப் பஞ்சு. மணிக்கட்டில் கயிறு, வெளியிலிருப்பவர் இழுத்தால் வரவேண்டும்.

"எங்கள மாடெண்டு நினைச்சிட்டீங்களா நானா?" என்று கயிற்றை வீசினார் தவராசா.

"மாட்டுக்குக் காது நல்லாக் கேக்குது தம்பி. கட்டுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். தவராசா மட்டும் பல மாதம் கட்டவில்லை.

அதன்பிறகு தினமும் காலையில் சன்னலில் அந்த முகம் வரும்: "இண்டைக்கு எப்பிடி புள்ள, கொதிக்குதா?" சில நாள் ஓம் என்பேன், சில நாள் குறைவு என்பேன். அவ்வளவுதான். அதைச் சொல்ல ஓரிடம் இருந்ததால் அன்றைய வேலையைச் செய்ய முடிந்தது.

அவருடைய கேத்தல் இப்போது அடுப்பிலிருந்து இறங்கியிருக்கும். என்னுடையது கொதிக்கிறது. யாரிடம் சொல்வதென்ற பயம் இந்த வாரம் முழுவதும் என்னோடிருந்தது.

நேற்றுக் காலை தவராசா சன்னலருகே வந்து நின்றார். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. சுண்டுவிரல் இடக்காதைக் குடைந்துகொண்டிருந்தது. கண்களில் இருந்ததை நான் அறிவேன். அந்த ஞாயிறு கண்ணாடியில் கண்டது.

பேனையை வைத்தேன்.

"எப்பிடி அண்ணை," என்றேன், "கொதிக்குதா?"